பொரிப்பகச் சால்மன் குஞ்சுகளை ஆற்றில் விடுவதால் இயற்கை மீன்கள் குறைவது எப்படி?

கேள்வி

வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளில் சால்மன் முட்டைகளைச் சேகரித்து, பொரிப்பகங்களில் குஞ்சுகளாக வளர்த்து, மீண்டும் ஆற்றில் விடும் வழக்கம் 1870களிலேயே தொடங்கிவிட்டது. அணைகளாலும் மிகுதியான மீன்பிடிப்பாலும் நேர்ந்த இழப்பை இதனால் ஈடுகட்ட முடியும் என்று நம்பினார்கள். ஆனால் இந்தப் பொரிப்பக மீன்களே ஆற்றில் தாமாகப் பெருகும் மீன்களுக்குக் கேடு விளைவிக்கின்றன என்று உயிரியலாளர்கள் பலர் இப்போது எழுதுகிறார்கள். இரண்டும் ஒரே இனம். பல இடங்களில் அதே ஆற்று மீன்களின் வழிவந்தவை. அப்படியிருக்க, எண்ணிக்கையைக் கூட்டும் ஒரு செயல் குறைவில் போய் முடிவது எவ்வாறு? மரபியல் மட்டும்தான் காரணமா?

மறுமொழி 1

மரபியலிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு பெண் சால்மன் இடும் ஆயிரக்கணக்கான முட்டைகளில், வளர்ந்து கடலுக்குச் சென்று மீண்டும் ஆற்றுக்குத் திரும்புபவை மிகச் சில. வெள்ளம், இரைகொல்லிகள், பசி, நோய் ஆகிய அனைத்தையும் கடந்து வந்த அந்தச் சிலவற்றின் பண்புகளே அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன. பொரிப்பகத்திலோ பெரும்பாலான குஞ்சுகள் பிழைத்துவிடுகின்றன. அங்கே தேர்ந்தெடுக்கப்படுவது நெரிசலான தொட்டியில் தீவனம் தின்று விரைவாக வளரும் திறன்தான்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தின் ஹூட் ஆற்றில், சால்மனைப் போலவே கடலுக்குச் சென்று திரும்பும் அதன் உறவினமான ஸ்டீல்ஹெட் மீன்களின் பெற்றோரை மரபணு வழியாக அடையாளம் கண்டு செய்த ஆய்வு 2007-ஆம் ஆண்டு வெளிவந்தது. பொரிப்பகத்தில் கழியும் ஒவ்வொரு தலைமுறைக்கும், இயற்கைச் சூழலில் இனப்பெருக்கம் செய்யும் திறன் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைகிறது என்று அது காட்டியது. அதே ஆற்று மீன்களைக் கொண்டு 2016-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், ஒரே தலைமுறைப் பொரிப்பக வாழ்க்கைக்குப் பின் அவற்றின் குஞ்சுகளில் 700-க்கும் மேற்பட்ட மரபணுக்களின் செயல்பாடு மாறியிருந்தது. அவற்றுள் பல, காயம் ஆறுதல், நோய் எதிர்ப்பு, வளர்சிதை மாற்றம் ஆகியவற்றோடு தொடர்புடையவை. நெரிசலில் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு வாழும் மீன்களுக்கு இவைதாமே தேவைப்படும்! இந்த மீன்கள் பொரிப்பகத்துக்குத் திரும்பாமல் முட்டையிடும் படுகைகளுக்குச் சென்று இயற்கை மீன்களோடு இணையும்போது, அந்தக் குறைபாடு அவற்றின் வழித்தோன்றல்களுக்கும் பரவுகிறது.

மறுமொழி 2

மரபியலைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. அவை பேசப்படுவது குறைவு என்பது என் வருத்தம். பொரிப்பக மீன்கள் ஏராளமாகத் திரும்பும் ஆண்டில் மீன்பிடிக்கும் அளவை உயர்த்துகிறார்கள்; ஆனால் வலை இரண்டையும் பிரித்தறியாது. பொரிப்பக மீன்களின் கொழுப்புத் துடுப்பை (முதுகில் வாலுக்கு அருகே உள்ள சிறு துடுப்பு) வெட்டி அடையாளமிடுவதும், அந்தத் துடுப்புள்ள இயற்கை மீனைத் திரும்ப விடச் சொல்வதும் இதற்காகவே என்றாலும், விடப்பட்டவை எல்லாம் பிழைப்பதில்லை.

அடுத்தது கடலில் உணவு. வட பசிபிக் நாடுகள் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 500 கோடி சால்மன் குஞ்சுகளை விடுகின்றன. சால்மன் இனங்களுள் ஒன்றான பிங்க் சால்மனுக்கு ஈராண்டு வாழ்நாள் என்பதால் அதன் எண்ணிக்கை ஓராண்டு விட்டு ஓராண்டு ஏறி இறங்குகிறது. அது பெருகும் ஆண்டுகளில் மற்றோர் இனமான சாக்கை சால்மனின் வளர்ச்சி குன்றுவதைப் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு நாடு விடும் குஞ்சுகள் மற்றொரு நாட்டு ஆற்று மீனின் இரையைத் தின்கின்றன.

மறுமொழி 3

வேற்றிடத்து மீனைக் கொண்டுவருவதன் விளைவுக்கு நார்வேயைப் பாருங்கள். 1970களில் சுவீடனிலிருந்து கொண்டுவந்த சால்மன் குஞ்சுகளோடு கைரோடாக்டிலஸ் சலாரிஸ் என்னும் ஒட்டுண்ணியும் வந்தது. சுவீடனை ஒட்டிய பால்டிக் கடலின் சால்மன்களில் பல அதைத் தாங்கிப் பழகியவை; நார்வே ஆற்றுக் குஞ்சுகளுக்கு அந்த எதிர்ப்பு இல்லை. ஏறத்தாழ 50 ஆறுகளுக்கு அது பரவியது. ஒழிப்பதற்காகப் பல ஆறுகளில் ரோட்டினோன் நஞ்சைக் கலந்து எல்லா மீன்களையும் கொன்று, பாதுகாத்து வைத்திருந்த அந்தந்த ஆற்று மீன் மரபிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று.

பிங்க் சால்மனும் அங்கே அயல் மீன்தான். 1950களில் சோவியத் அரசு அதன் முட்டைகளைப் பசிபிக்கிலிருந்து, ரஷ்யாவின் வடமேற்கிலுள்ள வெண்கடல் பகுதிக்குக் கொண்டு சென்றது. 2017 முதல் ஒற்றைப்படை ஆண்டுகளில் நார்வே ஆறுகளில் அது பெருந்திரளாக ஏறுகிறது. முட்டையிட்டபின் அத்தனையும் இறந்து அழுகுகின்றன.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. அப்படியானால் பொரிப்பகங்களை மூடிவிடுவதுதான் வழியா?

மறுமொழி 4

மூடிவிடலாம் என்று ஒரே சொல்லில் கூற என்னால் இயலாது. ஐடஹோ மாநிலத்தின் ரெட்ஃபிஷ் ஏரிக்கு 1992-இல் ஒரே ஓர் ஆண் சாக்கை சால்மன்தான் திரும்பியது. எஞ்சிய மீன்களைப் பிடித்துக் காப்பிடத்தில் வளர்த்திராவிட்டால் அந்த மரபு அன்றே அறுந்திருக்கும். மேலும் அமெரிக்க அரசோடு செய்த 1850களின் உடன்படிக்கைகள் வழியாகப் பழங்குடியினருக்கு மீன்பிடி உரிமை உண்டு; ஆறுகளை அணைகளால் அடைத்த பிறகு, அந்த உரிமைக்குரிய மீன் பல இடங்களில் பொரிப்பகத்திலிருந்தே வருகிறது. வாழிடத்தை மீட்காமல் பொரிப்பகத்தை மட்டும் மூடினால் இழப்பு முழுவதும் அவர்கள் மேல் விழும்.

ஆனால் அழிவிலிருந்து காப்பதற்கும் பிடிப்பதற்கு மீன் வழங்குவதற்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. பிடிப்பதற்கென வளர்ப்பவை முட்டையிடும் படுகைக்குச் செல்லக் கூடாது. கொலம்பியா ஆற்றுப் பகுதிப் பொரிப்பகங்களை ஆராய்ந்த அறிவியல் குழு, முதன்மையான இயற்கை மீன்கூட்டங்களின் படுகைகளில் இத்தகைய மீன்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஓர் ஆற்றைப் பற்றிக் கேட்கும்போது, எத்தனை மீன் திரும்பியது என்பதோடு, படுகையில் முட்டையிட்டவற்றுள் எத்தனை ஆற்றிலேயே பிறந்தவை என்பதையும் கேளுங்கள்.