கமெண்ட்டை அழித்த அன்று வாங்கிய பாடம்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

கைப்பை தைப்பவர்:

கைப்பைகள் தைத்து விற்கிறேன். தனியாகக் கடை கிடையாது. இன்ஸ்டாகிராம் பக்கமும் வாட்ஸ்அப் எண்ணும்தான் கடை. இரண்டு வருடத்துக்கு முன் நான் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லித் தொடங்கி வைக்கிறேன்.

புதிய பை ஒன்றின் படம் போட்டிருந்தேன். எல்லோரும் பாராட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஒருவர், “உங்களிடம் வாங்கிய பையின் வார் மூன்றாவது வாரமே பிய்ந்துவிட்டது” என்று எழுதினார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. யாரும் பார்ப்பதற்குள் அழித்துவிட்டேன்.

சும்மா இருப்பாரா? பிய்ந்த வாரைப் படமெடுத்து, “சொன்னேன், அழித்துவிட்டார்கள்” என்று என் பக்கத்தையும் சேர்த்து ஸ்டோரியில் போட்டுவிட்டார். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பார்கள். அந்த 24 மணி நேரத்தை நான் கழித்தது எனக்குத்தான் தெரியும். வார் பிய்ந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை, அழித்ததைப் பற்றித்தான் பேச்சு.

முதலில் இன்பாக்ஸில் நீளமாக ஒரு விளக்கம் தட்டினேன். படித்துப் பார்த்தால், ‘நீங்கள்தான் அதிகச் சுமை வைத்திருப்பீர்கள்’ என்பதையே நாகரிகமாகச் சுற்றிச் சொல்லியிருந்தேன். அனுப்பவில்லை. அப்புறம் அதே பதிவின் கீழ், எல்லோரும் பார்க்கும்படி எழுதினேன்: “கமெண்ட்டை அழித்தது நான்தான், அது தவறு. வாரை மாற்றித் தருகிறேன், முகவரியை மட்டும் இன்பாக்ஸில் அனுப்புங்கள்.”

பை திரும்பி வந்தது. வார் சேரும் இடத்தில் ஒற்றைத் தையல்தான் போட்டிருந்தேன். பழுது என்னுடையது. இரட்டைத் தையலும் ரிவெட்டும் போட்டு அனுப்பிவிட்டு, என்ன தவறு, எப்படிச் சரிசெய்தேன் என்பதையும் அங்கேயே எழுதினேன்.

இந்தக் கடைசி வேலையைத்தான் பலர் செய்வதில்லை. “இன்பாக்ஸ் பாருங்கள்” என்பதோடு விட்டால், வேடிக்கை பார்ப்பவருக்கு விஷயம் பாதியில் நிற்கிறது. வாயை அடைத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்.

அந்த அம்மா அதற்குப் பிறகு நான்கு பைகள் வாங்கிவிட்டார். யாராவது “வார் தாங்குமா?” என்று கேட்டால் எனக்கு முன்பே அவர் பதில் போட்டிருப்பார். நான் பார்த்துப் பார்த்து எடுத்த எந்த ரீல்ஸும் இந்த வேலையைச் செய்ததில்லை. உங்களுக்கு எப்படி?

சைக்கிள் பட்டறை:

என் கதை வேறு மாதிரி. யாரும் திட்டவில்லை, யாரும் பேசவே இல்லை.

வியாபாரிகளுக்கான வாட்ஸ்அப் பிசினஸில் ஒரு பிராட்காஸ்ட் பட்டியல் (ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வசதி) போட்டு, 256 பேர் வரை சேர்த்து, மாதம் ஒரு செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். பதில் சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆட்களுக்கு அக்கறை இல்லை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது: நம் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே பிராட்காஸ்ட் போய்ச் சேரும். பாதிப் பேருக்கு மேல் நான் அனுப்பியதே போகவில்லை!

இப்போது வண்டியை ஒப்படைக்கும்போது நேரில் கேட்கிறேன்: “எண்ணைச் சேமித்துக்கொள்கிறீர்களா? பிரேக் கட்டை பார்க்க வேண்டிய நேரத்தில் நினைவூட்டுகிறேன்.” சரி என்றவரின் எண்ணுக்கு மட்டும் செயலியிலேயே ஒரு லேபிள், அதாவது அடையாளச் சீட்டு. ஒன்றில் ‘பிரேக்’, இன்னொன்றில் ‘செயின்’. செய்தியும் பொதுவாக இருக்காது: “போன முறை பின் பிரேக் தேய்ந்திருந்தது என்றேனே, இப்போது சத்தம் வருகிறதா?” இதற்குப் பதில் வராமல் இருந்ததே குறைவு. பண்டிகை வாழ்த்து அட்டை அனுப்புவதை நிறுத்திவிட்டேன், அதை யாரும் தேடவும் இல்லை.

மெழுகுவர்த்தி விற்பவர்:

நான் செய்த முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறேன். “பக்கத்தைப் பின்தொடர்ந்து, மூன்று நண்பர்களை டேக் செய்தால் பரிசு” என்று போட்டி வைத்தேன். ஃபாலோயர் எண்ணிக்கை கிடுகிடுவென ஏறியது. பரிசு கொடுத்த மறுநாளே இறங்கத் தொடங்கியது. மிஞ்சியவர்களும் மெழுகுவர்த்திக்காக வந்தவர்கள் இல்லை. அடுத்த பதிவுகளில் பழைய ஆட்களின் பேச்சுகூடக் குறைந்துபோனது. நண்பர்கள், குடும்பத்தார் பதிவுகளுக்கு முன்னுரிமை தரப்போவதாக 2018 ஜனவரியிலேயே ஃபேஸ்புக் அறிவித்துவிட்டதே. பக்கத்தில் போட்டால் எல்லோருக்கும் போகும் என்ற கணக்கு எப்போதோ போய்விட்டது. கூட்டம் சேர்ப்பது வேறு, வாடிக்கையாளரைச் சேர்ப்பது வேறு என்று எனக்கு உறைக்கத் தாமதமாகிவிட்டது.

பழைய புத்தகக் கடை:

உடனுக்குடன் பதில் சொல்வது நல்லதுதான், ஆனால் ஒரு எல்லை வேண்டும். நள்ளிரவில் வரும் கேள்விக்கும் உட்கார்ந்து பதில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் ஒருவருக்கு எடுத்து வைத்த புத்தகத்தை வேறொருவருக்குத் தருவதாகச் சொல்லி, இரண்டு பேரிடமும் கெட்ட பேர். இப்போது இரவில் தானியங்கிச் செய்தி போகும்: “காலை பத்து மணிக்கு மேல் நானே பதில் எழுதுகிறேன்.” ‘நானே’ என்ற சொல்லை வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கியது நினைவிருக்கும். அன்று பார்சல் கிளம்பத் தாமதம் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்ல என்னிடம் எந்த வழியும் இல்லை. எண், பெயர், கேட்ட புத்தகம் எல்லாம் அந்தத் தளங்களில் நடந்த உரையாடல்களுக்குள்ளேயே இருந்தன. தவறு என்னுடையதுதான். மறுநாளே ஒரு நோட்டு வாங்கினேன். இன்றும் கையால்தான் எழுதுகிறேன்.

கைப்பை தைப்பவர்:

சைக்கிள் பட்டறைக்காரரே, ஒரு சந்தேகம். நினைவூட்டல் வேண்டாம் என்று சொன்னவர்களை என்ன செய்கிறீர்கள்? நான் கொஞ்ச நாள் விட்டு மறுபடி கேட்டுப் பார்ப்பேன்.

சைக்கிள் பட்டறை:

கேட்காதீர்கள். வேண்டாம் என்றால் அன்றே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன். எரிச்சலில் பலர் பிளாக் செய்து புகாரும் கொடுத்தால் நம் எண்ணுக்கே கட்டுப்பாடு வந்துவிடும். அப்படி எடுத்த ஒருவர் எட்டு மாதம் கழித்து அவராகவே எழுதினார்: “நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே, பிரேக் பார்க்க நேரமாகிவிட்டதா?” ஆகிவிட்டிருந்தது, கட்டை முழுவதும் தேய்ந்து போயிருந்தது.