"தொகு" என்றால் தொகுப்பதா, திருத்துவதா? விக்கி நூலாக்கத்தில் பட்டதும் பார்த்ததும்

விக்கிக் கட்டுரைகளைச் சேர்த்துப் புத்தகமாக எடுக்கும் கருவியைக் கடைசி வரை பயன்படுத்திப் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்களேன். நானே தொடங்கி வைக்கிறேன்.

அக்கா மகளுக்குப் பறவைகள் பற்றி ஒரு சின்னப் புத்தகம் செய்து தரலாம் என்று உட்கார்ந்தேன். கட்டுரை கட்டுரையாகத் திறந்து, மேலே வரும் பெட்டியில் "சேர்" என்று தட்டிக்கொண்டே போனால் போதும். நாற்பது கட்டுரை சேர்ந்தது. "நீர்ப்பறவைகள்", "இரவில் திரிபவை" என்று அத்தியாயத் தலைப்புகள்கூடப் போட்டுவிட்டேன். உலாவியை மூடிவிட்டுத் தூங்கப் போனேன். மறுநாள் திறந்தால் கூடை காலி.

காரணம் பிறகுதான் புரிந்தது. புகுபதிகை செய்யாமல் சேர்த்தது எல்லாம் அந்த அமர்வோடு போய்விடும். கணக்கு இருந்தால் அந்தப் பட்டியலையே ஒரு விக்கிப் பக்கமாக, நம் பயனர் பக்கத்துக்குக் கீழே சேமித்து வைக்கலாம். நல்ல வசதிதான். ஆனால் அது கடைசிப் பக்கத்தில், பட்டியலுக்கும் கீழே இருந்தது. முதல் கட்டுரையைச் சேர்த்த உடனே "இது இன்னும் சேமிக்கப்படவில்லை" என்று ஒரு வரி காட்டியிருந்தால் என் ராத்திரி வீணாகியிருக்காது.

—

உங்களுடையது பரவாயில்லை, கூடையாவது நிரம்பியது. புதியவர்களுக்கு விக்கி சொல்லிக் கொடுக்கும்போது நான் பார்த்தது வேறு. ஒருமுறை சொல்லிக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, "பத்துக் கட்டுரையை ஒரு நூலாகத் தொகுத்துக் காட்டுங்கள்" என்று மட்டும் ஓர் ஆசிரியையிடம் சொல்லி, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் முதலில் தட்டியது எது தெரியுமா? பக்கத்தின் மேலே இருந்த "தொகு". தவறே இல்லை. தமிழில் தொகுப்பது என்றால் சேர்ப்பது, எட்டுத்தொகையில் இருக்கும் தொகை அதுதான். விக்கியில் அந்தச் சொல்லைத் திருத்துவதற்குப் பழகிவிட்டோம். தொகுப்புப் பெட்டி திறந்து சதுர அடைப்புக்குறிகளும் வார்ப்புருக்களுமாகக் கொட்டியது. "ஐயோ, எதையோ கெடுத்துட்டேன் போல" என்று கையை எடுத்துவிட்டார். விக்கிக்கு வந்து பல வருடம் ஆன எனக்கு இந்தக் குழப்பம் ஒரு நாளும் தோன்றியதில்லை. பழகிப் போனவன் கண்ணுக்குப் பள்ளம் தெரியாது.

பக்கப்பட்டையில் இருந்த நூலாக்க இணைப்பை அப்புறம் நானே காட்டினேன். அதை அழுத்தினால், பார்த்துக்கொண்டிருக்கும் கட்டுரையே புத்தகமாக வந்துவிடும் என்று அவர் எதிர்பார்த்தார். வந்தது ஒரு விளக்கப் பக்கம். அதைத் தாண்டியதும் ஒவ்வொரு கட்டுரைக்கு மேலேயும் ஒரு பெட்டி ஒட்டிக்கொண்டது. அதை அவர் பார்க்கவே இல்லை! கேட்டால், "அது ஏதோ நன்கொடை அறிவிப்புன்னு நினைச்சேன் சார்" என்கிறார். உச்சியில் பெட்டி வைத்தால் கண் தானாகத் தாண்டிவிடுகிறது. கட்டுரைத் தலைப்பை ஒட்டியே "நூலில் சேர்" என்று ஒரு பொத்தான் இருந்தால் போதும் என்பது என் எண்ணம். சேர்த்த பிறகு அதே இடத்தில் "நூலில் உள்ளது, 4 கட்டுரைகள்" என்று மாற வேண்டும்.

அன்று கற்றுக்கொண்டது அவரில்லை, நான்தான்.

—

எனக்கு அட்டவணைதான் தலைவலி. 2014-இல் வந்த ஓசிஜி என்ற பிடிஎஃப் ஆக்கி, லேடெக் என்ற அச்சுக்கோர்ப்பு மென்பொருள் வழியாக அழகாக அச்சுக்கோர்க்கும், ஆனால் அட்டவணைகளை விட்டுவிடும். தனிமங்கள் பற்றித் தொகுத்தால் அணு எண்ணும் உருகுநிலையும் இல்லாத புத்தகம் கிடைக்கும். 2017 அக்டோபரில் அதை நிறுத்தினார்கள். அதன் பிறகு ஒற்றைக் கட்டுரைக்கு உலாவி வழியாகப் பிடிஎஃப் நன்றாகவே வருகிறது, பல கட்டுரை சேர்ந்த நூலுக்குத்தான் பழைய வழி அடைபட்டுப் போனது.

—

நான் எனக்காகவே ஒரு சின்ன நூலாக்கி எழுதி வைத்திருக்கிறேன். அதில் நான் செய்த கூத்தைச் சொல்கிறேன்.

"அகர வரிசைப்படுத்து" என்று ஒரு பொத்தான் வைத்தேன். நிரல்மொழியில் இருக்கும் சாதாரண வரிசைப்படுத்தும் கட்டளைதான். பயன்படுத்திய நண்பர் "பகல் முதலில் வருது, பக்கம் பிறகு வருது, எந்த அகராதியில் இப்படி?" என்று கேட்டார். யூனிகோடில் புள்ளியின் குறியீட்டு எண் உயிர்மெய்க் குறிகளுக்கெல்லாம் பின்னால் இருக்கிறது. அதனால் எண்ணைப் பார்த்து அடுக்கினால் க் என்பது கௌ-வுக்கும் பிறகு போய் நிற்கும். ழகரமும் ளகரமும் வகரத்துக்கு முன்னால் வந்துவிடும், னகரம் நகரத்தை ஒட்டி உட்கார்ந்துகொள்ளும். தமிழுக்கான வரிசை விதிகள் ஐசியு என்ற பன்மொழி நிரல் நூலகத்தில் தயாராகவே இருக்கின்றன. அதைக் கூப்பிட ஒரு வரி போதும், அந்த ஒரு வரியைத்தான் நான் எழுதவில்லை.

இன்னொன்று, "கொ". பிடிஎஃபில் அதன் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. எழுத்துருவில் கொம்பு இருந்தால் மட்டும் போதாது. அதை மெய்க்கு முன்னால் நகர்த்திப் போட வடிவமைப்பு இயந்திரம் ஒன்று நடுவில் வேலை செய்ய வேண்டும். ஹார்ஃப்பஸ் என்ற அப்படிப்பட்ட மென்பொருளைச் சேர்த்த பிறகு சரியானது. ஆனால் ஒருவர் நூறு பக்கம் இறக்கிப் பார்த்த பிறகுதான் எனக்குத் தகவலே வந்தது. இப்போது இறக்குவதற்கு முன் முதல் இரண்டு பக்கத்தை மட்டும் முன்னோட்டமாகக் காட்டுகிறேன். புகார் பாதியாகக் குறைந்தது என்றெல்லாம் அளக்க மாட்டேன், எனக்குப் பயனரே ஏழு பேர்தான்.

—

பொத்தான் இருக்கட்டும். வந்த புத்தகத்தை யாராவது முதலிலிருந்து கடைசி வரை படித்தீர்களா? நான் படித்தேன். ஒவ்வொரு கட்டுரையும் தன்னை முதல்முறை பார்ப்பவரிடம் பேசுவது போலவே தொடங்குகிறது. கிரகணம் பற்றி ஆறு கட்டுரை சேர்த்தால், சூரியனுக்கும் பூமிக்கும் நடுவில் நிலா வருவதை மூன்று முறை விளக்குகிறார்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் "இவற்றையும் பார்க்க" வேறு. அச்சில் எதைத் தட்டிப் பார்ப்பது? வேண்டாத பிரிவுகளை விட்டுவிட டிக் போடும் பெட்டி ஒன்று இருந்தால் இந்த வேலையில் பாதி குறையும்.

அப்புறம், பதிப்பு எண்ணைப் பூட்டும் வசதி. கட்டுரையின் இன்ன திருத்தம்தான் வேண்டும் என்று பட்டியலில் குறிக்க முடியும். பலருக்கு இது தெரியாது. நான் பூட்டாமல் விட்ட ஒரே கட்டுரையில் யாரோ முந்தின இரவு "ஹாய்" என்று எழுதிவைத்திருந்தார். அச்சிலும் அது வந்தது, தடித்த எழுத்தில்.

—

எல்லோருக்கும் நன்றி. பறவைப் புத்தகத்தை இந்த முறை கணக்கோடு, சேமித்து, பதிப்பு பூட்டி மறுபடியும் தொகுத்துவிட்டேன் (இங்கே சேர்த்தல் என்ற பொருளில்). அக்கா மகளிடம் பட்டியலைக் காட்டினேன். "ஆந்தை ஏன் கடைசில? அதை முதல்ல வைங்க மாமா" என்றாள். ஆந்தையை இழுத்துக்கொண்டு நாற்பது வரி மேலே போனேன். பாதியில் விரல் நழுவிவிட்டது, கொக்குக்குக் கீழே போய் உட்கார்ந்துவிட்டது. "மேலே கொண்டு போ" என்று ஒரே தட்டில் செய்ய வழி இருக்கிறதா? யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.