கேகான் கூட்டத்தில் நெட் இல்லை, என்ன செய்யலாம்?
லாஸ் ஏஞ்சலஸில் நடக்கும் கேகான் (KCON) என்கிற கொரிய பாப் இசை ரசிகர் விழாவுக்கு மகளோடு மறுபடி போகிறேன். போன வருஷம் ஹாலுக்குள் நுழைந்ததும் கூட்டத்தில் இரண்டு பேர் போனிலும் நெட் படுத்துவிட்டது. 5ஜி, முழு சிக்னல் காட்டுகிறது, ஆனால் வாட்ஸ்அப்பில் அந்தக் கடிகாரக் குறி அப்படியே நிற்கும், கால் போட்டால் உடனே கட். மதியம்தான் மோசம், மாலையில் எல்லாரும் கச்சேரிக்குக் கிளம்பியதும் தானாகச் சரியானது. அவளோ போட்டோகார்டு (பாடகர்கள் படம் போட்ட சின்ன அட்டை) மாற்றிக்கொள்கிற கும்பலோடு தரையில் பைண்டரை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள், நான் ஹால் முழுக்கத் தேடினேன்.

ஏரோபிளேன் மோட், 4ஜிக்கு மாற்றுவது, ரீஸ்டார்ட், எஸ்எம்எஸ் எல்லாம் பார்த்தாயிற்று. என்னுடையது ஐபோன் 13, அவளுடையது ஆண்ட்ராய்டு, நெட்வொர்க்கும் வேறு வேறு, அதனால் போன் கோளாறு இல்லை. 'இங்கே வந்து நில்' என்பதெல்லாம் பதினைந்து வயசிடம் எடுபடாது.

நெட் இல்லாமல் புளூடூத்தில் ஓடும் மெசேஜ் ஆப்களில், இவ்வளவு கூட்டத்திலும் ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் இடையே உங்களுக்கு ஒழுங்காக வேலை செய்தது எது?