ஒன்பது கேள்விப் படிவத்தில் தந்தைக்கு 11: இது இதயத்தின் களைப்பா, மனச்சோர்வா?

கேள்வி

எழுபது வயதைக் கடந்த என் தந்தைக்கு இதயச் செயலிழப்பு (இதயம் போதிய அளவு இரத்தத்தை இறைக்க முடியாத நிலை) உள்ளது. சென்ற வாரம் மறுபரிசோதனையின்போது பி.எச்.க்யூ-9 என்ற படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். 27க்கு 11 வந்தது. 10 அல்லது அதற்கு மேல் என்றால் மனச்சோர்வு இருக்கிறதா என்று மேலும் பார்க்க வேண்டுமாம். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன்: தூக்கக் குறைவுக்கு 3, களைப்புக்கு 3, பசியின்மைக்கு 2, அசைவில் மந்தத்துக்கு 1, ஆர்வக் குறைவுக்கு 1, மனம் வாடியிருப்பதற்கு 1. முதல் நான்கும் இதய நோயாளி எவருக்கும் இருப்பவைதாமே? தந்தையோ, "எனக்கு மூச்சுதான் வாங்குகிறது, மனசுக்கு ஒன்றுமில்லை" என்று கோபப்படுகிறார். இந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்?

மறுமொழி 1 (இதயப் பிரிவுச் செவிலியர்)

ஐயம் நியாயமானதே. ஆனால் எல்லாவற்றையும் இதயத்தின் கணக்கில் எழுதிவிடுவதால்தான் பலருடைய மனச்சோர்வு மாதக்கணக்கில் எங்கள் கண்ணில் படாமல் போகிறது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது உண்டு. இரவில் அவர் எதனால் விழிக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறார் என்றாலோ, நீர் பிரியும் மாத்திரையால் சிறுநீர் கழிக்க எழுகிறார் என்றாலோ, அதை முதலில் இதய மருத்துவர் கவனிக்க வேண்டும். மூச்சு சீராக இருந்தும் விடியுமுன் விழித்து, கூரையைப் பார்த்தபடி கிடக்கிறார் என்றால் அது வேறு. பசியும் அப்படித்தான்: வயிற்றில் நீர் கோத்திருந்தால் நான்கு கவளத்திலேயே வயிறு நிறைந்துவிடும். விட்டுவிட்ட வேலைகளைப் பற்றிக் கேட்டால் "முடியவில்லை" என்கிறாரா, "எதற்கு" என்கிறாரா என்பதையும் கவனியுங்கள்.

மறுமொழி 2 (மனநல மருத்துவர்)

படிவம் சல்லடை மட்டுமே. நோயை உறுதிசெய்ய நேரில் பேசியாக வேண்டும். படிவத்தின் முதல் இரு கேள்விகளை (ஆர்வக் குறைவு, மனம் வாடியிருப்பது) மட்டும் கேட்கும் பி.எச்.க்யூ-2 முறையில் 3 வந்தால்தான் மேலே போவார்கள். உங்கள் தந்தைக்கு அதில் 2. அதற்காக அவரை விட்டுவிட மாட்டேன், ஏனெனில் மனச்சோர்வு உள்ள முதியவர்கள் பலர் மனதைச் சொல்லாமல் உடலையே சொல்வார்கள். உடல் அறிகுறிகளை வேண்டுமென்றே தவிர்த்து அமைத்த எச்.ஏ.டி.எஸ். படிவத்தையும் நிரப்பச் சொல்லலாம். இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் இதே முகத்தோடு வரும் என்பதால் இரத்தப் பரிசோதனை தேவை. இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் மாத்திரை எடுப்பவரானால் கட்டாயம், அது தைராய்டைப் பாதிக்கலாம். கடைசிக் கேள்வி உயிர்வாழ விருப்பமின்மை பற்றியது. அதில் 1 வந்தாலும், மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், அன்றே பேச வேண்டும்.

மனச்சோர்வுக்கான மாத்திரை உடனே தீர்த்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம் அத்தகைய மாத்திரைகளான செர்ட்ராலினை (2010), எசிடலோபிராமை (2016) வைத்து நடந்த பெரிய ஆய்வுகளில் அவை மருந்தில்லாத போலி மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை. 2015இல் வெளியான ஆய்வில் அறிவுசார் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றிக்கொள்ளும் முறை) மனச்சோர்வைக் குறைத்தது. ஆகவே பேச்சுவழிச் சிகிச்சையையே நான் முதலில் முன்வைப்பேன்.

மறுமொழி 3 (நோயாளியின் மகள்)

என் அம்மா இதே படிவத்தை, நாங்கள் மூவரும் கட்டிலைச் சுற்றி நிற்க, நிரப்பினார், 4 வந்தது. மறுமுறை செவிலியர் எங்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேள்விகளைத் தாமே வாசித்துக் கேட்டபோது 14. உங்கள் தந்தை நிரப்பியபோது அருகில் யார் இருந்தார்கள்?

கேள்வி கேட்டவர்

நான்தான் இருந்தேன், பேனாவும் என் கையில்தான் இருந்தது. நேற்றிரவு தூக்கத்தைப் பற்றிக் கேட்டேன். மூன்று மணிக்கு விழிப்பு வருகிறதாம், மூச்சு முட்டுவதில்லையாம். "அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்பி வருவேனா என்று யோசித்துக்கொண்டிருப்பேன்" என்றார். வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்கிறோம். இதைச் சொல்லிவிட்டு, இம்முறை நான் வெளியே காத்திருக்கிறேன்.