ஹிமாலயன் 411: மலையில் இழுவை போதவில்லை, பெரிய போர் கிட் போடலாமா?

பெரம்பூர் ரைடர்:
வணக்கம். என்னுடையது 2018 மாடல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக், பிஎஸ்4. இதுவரை 46,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நானும் மனைவியும் வருஷத்துக்கு இரண்டு நீண்ட பயணமாவது போவோம். பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி, மேலே ஒரு பை.

போன மாதம் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வழியாக ஊட்டி ஏறினோம். வளைவுகளில் முதல் கியருக்கே இறங்க வேண்டியதாகிவிட்டது. ஒரு இடத்தில் பின்னால் வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றேன், மனைவி பயந்துவிட்டாள். வாங்கிய புதிதில் இதே பாரத்தோடு இதே ரோட்டில் பெரும்பாலும் மூன்றாவது கியரில்தான் ஏறினேன். மைலேஜும் 32-லிருந்து 27-க்கு வந்துவிட்டது.

ஒரு ஒர்க்ஷாப்பில் 83 மில்லி பிஸ்டன் கிட் (போர், அதாவது சிலிண்டர் துளையின் விட்டத்தைக் கூட்டிப் போடும் பெரிய பிஸ்டன்), புகை தடையில்லாமல் போகும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், ஈசியூ ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றுவது) மூன்றும் சேர்த்துப் போட்டால் வண்டி பறக்கும் என்கிறார்கள். வண்டியை விற்க மனசில்லை. போட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

அம்பத்தூர் லேத்:
தம்பி, நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் 22 வருஷமாக லேத் பட்டறையில் இருக்கிறேன். சிலிண்டரைக் கடைந்து போர் அடிப்பதும், உள்சுவரைத் தேய்த்து ஹோனிங் போடுவதும் தினசரி வேலை. கிட் போட வருகிறவர்களால் எனக்கு வருமானம்தான். ஆனால் உங்கள் பதிவில் இரண்டு வரியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. வாங்கிய புதிதில் மூன்றாவது கியரில் ஏறியது என்கிறீர்கள், மைலேஜ் 5 குறைந்தது என்கிறீர்கள். அப்படியென்றால் உங்கள் வண்டிக்குப் பவர் போதாமல் இல்லை. இருந்த பவர் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் கிட் போட்டால், புதுப் பவரும் அதே வழியில்தான் போகும்.

முதலில் கிட்டின் கணக்கைப் பார்ப்போம். உங்கள் இன்ஜினில் போர் 78 மில்லி, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 86 மில்லி. 83 மில்லி பிஸ்டன் போட்டால் 465 சிசி வரும், அதாவது 13 சதவீதம் கூடுதல். எல்லாமே சரியாக அமைந்தால் 24.5 குதிரைத்திறன் 27, 28 ஆகலாம். அவ்வளவுதான். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு. பெட்ரோலை அளந்து தெளிக்கும் எஃப்ஐ (ஃபியூவல் இன்ஜெக்ஷன்) பெட்ரோலை அதற்கேற்பக் குறைத்துக் கலவையைச் சரிபண்ணும், இல்லாத காற்றைக் கொண்டுவராது. புது வண்டியே அங்கே 20 குதிரைத்திறனோடுதான் ஏறியது. ஆனாலும் ஏறியது, இல்லையா?

அப்புறம் சூடு. இது காற்றாலும் ஆயிலாலும் குளிரும் இன்ஜின். மலையில் இரண்டு பேரோடு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது இன்ஜினுக்குப் பாரம் அதிகம், படும் காற்று குறைவு. பெரிய பிஸ்டன் கூடுதல் சூட்டைக் கொண்டுவருவது சரியாக அந்த நேரத்தில்தான். சூட்டை வெளியே விடும் ஃபின் தகடுகளும் ஆயில் கூலரும் பழைய அளவிலேயே இருக்கும். கலவையை அழுத்தும் கம்ப்ரஷனும் ஏறிவிட்டால் நாக்கிங், அதாவது கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டுவது, சேர்ந்துகொள்ளும்.

என்னிடம் ஒரு பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350 இருந்தது. நான் தொழில் கற்றுக்கொண்டிருந்த நாட்களில், ஒரு கடையில் சொன்னதைக் கேட்டு போரை 1 மில்லி பெரிதாக்கி ஓவர்சைஸ் அடித்தேன். 70 மில்லி 71 ஆனதில் கூடியது வெறும் 10 சிசி. அது அன்றைக்குப் புரியவில்லை. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் விடவேண்டிய இடைவெளியை அந்தக் கடையில் குறைவாக விட்டுவிட்டார்கள். மே மாதம், ஜிஎஸ்டி ரோட்டில் மேல்மருவத்தூர் தாண்டியதும் சத்தம் மாறியது, கிளட்சைப் பிடிப்பதற்குள் பின் வீல் ஒரு கணம் இழுத்துக்கொண்டது. பிரித்துப் பார்த்தால் பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவரான ஸ்கர்ட்டில் நான்கு மூலையிலும் நகத்தால் கீறியதுபோல் நெடுக்காகக் கோடுகள், கோட்டுக்குள் பளபளவென்று உருகி இழுபட்ட அலுமினியம். அலுமினிய பிஸ்டன் சூட்டில் இரும்பு சிலிண்டரைவிட வேகமாக விரியும். முடி அளவு இடைவெளி குறைந்தாலும் இப்படித்தான் பிடிக்கும். அந்தப் பிஸ்டன் இன்றும் என் மேஜையில் இருக்கிறது. போர் அடிக்க யார் வந்தாலும் முதலில் அதைக் கையில் கொடுத்துவிடுவேன்.

இப்போது உங்கள் வண்டி. சென்டர் ஸ்டாண்ட் போட்டு நியூட்ரலில் பின் வீலைக் கையால் சுற்றுங்கள், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா தெரியும். ஏர் ஃபில்டரை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். நான்காவது கியரில் 50-ல் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுசாகத் திருகுங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. டேப்பட், அதாவது வால்வை அழுத்தும் பாகத்தில் விடும் இடைவெளி, கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? எக்ஸாஸ்ட் பக்கம் இடைவெளி குறைந்திருந்தால் சூட்டில் வால்வு முழுசாக மூடாது, கம்ப்ரஷன் கசியும். இவை எல்லாம் சரியாக இருந்து, கம்ப்ரஷன் கேஜிலும் குறை காட்டினால் மட்டும் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றலாம்.

ஈசிஆர் கவிதா:
நானும் 411தான் ஓட்டுகிறேன், பெரும்பாலும் பின்னால் தங்கையோடு. செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டில் முன்பக்கத்தை 15 பல்லிலிருந்து 14-க்கு மாற்றினேன். வீலுக்குப் போகும் இழுவை 7 சதவீதம் கூடும், இன்ஜினைத் தொடவே வேண்டாம். கொல்லிமலையின் 70 வளைவிலும் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. பெங்களூரு ஹைவேயில் அதற்கு விலை உண்டு. முன்பு 4,500 ஆர்பிஎம்மில் போன வேகத்துக்கு இப்போது 4,800 ஓடுகிறது, ஒரு மணி நேரத்தில் கைக்குத் தெரியும். நான் மலைதான் அதிகம் போகிறேன், அதனால் எனக்குச் சரி.

வண்டலூர் குமார்:
சட்டத்தையும் யோசியுங்கள் நண்பரே. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி கம்பெனி குறிப்பிட்ட அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்பதும் இதைத்தான். பின்னால் மனைவி உட்காருகிறார் என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன்.

பெரம்பூர் ரைடர்:
எல்லோருக்கும் நன்றி. லேத் அண்ணா சொன்னபடி ஞாயிறு காலை உட்கார்ந்தேன். பின் வீல் அரைச்சுற்றுகூடப் போகாமல் நின்றது. தெரு முனை வரை ஓட்டிவிட்டுத் திரும்பினால் டிஸ்கில் கை வைக்க முடியாத சூடு. டிஸ்கைப் பிடிக்கும் பிரேக் காலிப்பரைக் கழற்றினேன். அது நகர்வதற்கான ஸ்லைடு பின் (pin) காய்ந்து துரு ஏறி அசையவே இல்லை. சுத்தம் செய்து கிரீஸ் போட்டதும் வீல் மூன்று சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. ஏர் ஃபில்டரைத் தட்டினால் செம்மண்ணாகக் கொட்டியது, புதிது போட்டாயிற்று. கிளட்ச் நன்றாகத்தான் இருக்கிறது.

நேற்று அதே பாரத்தோடு ஏலகிரி போய்வந்தோம். 14 வளைவில் ஒன்றில்கூட முதல் கியர் தேவைப்படவில்லை. மனைவி வழியில் போட்டோ எடுத்துக்கொண்டே வந்தாள். கிட் வேண்டாம் என்று ஒர்க்ஷாப்பில் சொல்லிவிட்டேன். டேப்பட் மட்டும் பாக்கி, பார்த்து இரண்டு வருஷமாவது இருக்கும். சனிக்கிழமை காலை அம்பத்தூருக்கு ஓட்டி வரட்டுமா அண்ணா?

அம்பத்தூர் லேத்:
வாங்க தம்பி. ஆனால் காலையில் ஓட்டிக்கொண்டு வந்தால் இன்ஜின் சூடாக இருக்கும், இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் சரியாகக் காட்டாது. வெள்ளிக்கிழமை ராத்திரியே வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு ரயிலில் போய்விடுங்கள். சனிக்கிழமை எட்டு மணிக்கு நீங்கள் வந்த பிறகு திறக்கிறேன், கூட இருந்து பாருங்கள்.