மட்டக்களப்பு கல்லடி வீட்டு அரட்டைக் குழு: சின்னவளின் இடது கண்

வியாழக்கிழமை

மூத்தவள் (மாலை 6.12): சின்னவளுக்கு இடது கண் மங்கலாகத் தெரிகிறதாம். செவ்வாய்க்கிழமை கண்ணைத் திருப்பினால் உள்ளே வலிக்கிறது என்றாள். இரவிரவாகப் பிள்ளைகளின் பரீட்சைத் தாள் திருத்தியதால் என்று நினைத்தோம். நேற்று ஒரு கண்ணாடிக் கடையில் காட்டினோம். பவர் கூடிவிட்டது, புதுக் கண்ணாடி போடுங்கள் என்றார்கள். இன்றைக்குக் காலையில் எழும்பிப் பார்த்தால் நடுவில் புகை மூட்டமாம். வலது கண் நன்றாகத்தான் இருக்கிறது.

பெரியம்மா (6.15): கண் சிவந்திருக்கிறதா பிள்ளை? பீளை கட்டுகிறதா?

சின்னவள் (6.16): இல்லை பெரியம்மா. வெளியில் ஒன்றுமே தெரியவில்லை. பார்க்கிறவர்களுக்கு நான் சும்மா சொல்கிற மாதிரி இருக்கும்.

பெரியம்மா (6.18): நாவூறாகவும் இருக்கும். வாசலில் நந்தியாவட்டை பூத்துக் கிடக்கிறது. பிடுங்கி அனுப்பவா? இரண்டு சொட்டுச் சாறு விட்டால் கண் குளிரும்.

கழுவாஞ்சிக்குடி மாமா (6.24): போன மாதம் எனக்கு வீஸிங்குக்குத் தந்த பிரெட்னிசலோன் குளிசை ஒரு கார்ட் மிச்சம் இருக்கிறது. நரம்பு வீக்கம் என்றால் அதைத்தான் கொடுப்பார்கள். கொண்டு வந்து தரவா?

கல்முனை மச்சாள் (7.02): டியூட்டி முடிந்து இப்போதுதான் பார்த்தேன். மாமி, தயவுசெய்து கண்ணுக்குள் எதையும் விட வேண்டாம். அப்பா, அந்தக் குளிசையும் வேண்டாம். ஏன் என்று மறுகா சொல்கிறேன். சின்னவள், முதலில் ஒரு சோதனை செய். வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு இடது கண்ணால் நல்ல சிவப்பான ஒரு பொருளைப் பார். பிறகு கையை மாற்றிப் பார்.

சின்னவள் (7.09): சாமியறைக் குங்குமச் சிமிழைப் பார்த்தேன் மச்சாள். வலது கண்ணுக்குக் குங்குமம் குங்குமமாகத்தான் இருக்கிறது. இடது கண்ணுக்குக் கழுவிக் கழுவிச் சாயம் போன சேலை மாதிரி. பயமாக இருக்கிறது.

கல்முனை மச்சாள் (7.15): பயப்படாதே, ஆனால் பொறுத்துப் பார்க்கவும் கூடாது. அசைத்தால் வலி, ஒரு கண்ணில் மட்டும் இரண்டு மூன்று நாளில் மங்கல், சிவப்பு வெளிறுவது, கண் பார்வைக்குச் சுத்தமாக இருப்பது. இந்த நாலும் சேர்ந்தால் கண்ணுக்குப் பின்னால் மூளைக்குப் போகிற பார்வை நரம்பைத்தான் நினைக்க வேண்டும். அதில் அழற்சி வந்தால் ஒப்டிக் நியூரைட்டிஸ் என்பார்கள். 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடைப்பட்ட பெண்களுக்குத்தான் கூடுதலாக வருகிறது. இருந்தாலும் நான் போனில் சொல்வது நோய் நிர்ணயம் இல்லை. நாளைக்குக் காலை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் மச்சாள். இரவில் இன்னும் இருண்டாலோ, வலது கண்ணும் மங்கினாலோ, கால் விறைத்தாலோ விடியும்வரை இருக்க வேண்டாம்.

கொழும்பு அண்ணன் (7.31): நான் இரவு ரயிலில் வருகிறேன்.

வெள்ளிக்கிழமை

மூத்தவள் (பகல் 12.48): வார்டில் சேர்த்துவிட்டார்கள். மச்சாள் சொன்ன மாதிரித்தான். எழுத்துப் பலகையில் மேலே இருக்கிற இரண்டு வரிதான் இடது கண்ணுக்குத் தெரிந்தது. புள்ளி புள்ளியாக நிறத்தில் எண்கள் இருக்கிற ஒரு புத்தகத்தைக் காட்டினார்கள். முதல் பக்கத்து 12ஐ மட்டும் வாசித்தாள், அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. இருட்டறையில் டோர்ச்சை ஒரு கண்ணிலிருந்து மற்றக் கண்ணுக்கு மாற்றி மாற்றி அடித்தார் டொக்டர். ஆனால் மருந்து விட்டு உள்ளே பார்த்துவிட்டு, நரம்பின் முனை சாதாரணமாகத்தான் இருக்கிறது என்றார். அப்படியென்றால் எதை வைத்து நோய் என்கிறார்கள்?

கல்முனை மச்சாள் (1.20): அந்த டோர்ச் சோதனையை வைத்துத்தான். வெளிச்சம் பட்டால் இரண்டு கண்மணியும் சேர்ந்து சுருங்க வேண்டும். நல்ல கண்ணிலிருந்து பழுதான கண்ணுக்கு டோர்ச்சை மாற்றும்போது கண்மணி சுருங்காமல் விரிந்தால், அந்த நரம்பு வெளிச்சத்தைச் சரியாகக் கொண்டுபோகவில்லை என்று அர்த்தம். நோயாளி சொல்கிறாரா, நடிக்கிறாரா என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. சின்னவள், நேற்று நீ சொன்னதற்கு இதுதான் பதில், யாரும் உன்னைச் சும்மா சொல்கிறாய் என்று சொல்ல முடியாது. உள்ளே பார்க்கும்போது சாதாரணமாக இருப்பதும் வழக்கம்தான். மூன்றில் இரண்டு பேருக்கு அழற்சி கண்ணுக்குள் தெரியாத பின்பகுதியில்தான் இருக்கும். அதைக் காட்டத்தான் எம்ஆர்ஐ ஸ்கேன்.

கனடா சித்தப்பா (2.05): இங்கே இப்போது விடியவில்லை, நித்திரையும் வரவில்லை. நெட்டில் பார்த்தால் இது மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் (எம்எஸ்) என்ற மூளை நரம்பு நோயின் முதல் அடையாளம் என்று போட்டிருக்கிறது. என் வேலைத்தலத்தில் ஒருவர் அந்த நோயால் சக்கர நாற்காலியில் இருக்கிறார். பிள்ளைக்கு இதைச் சொல்லிவிட்டார்களா?

சின்னவள் (2.07): நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன் சித்தப்பா.

கனடா சித்தப்பா (2.08): மன்னித்துக்கொள் மகள். பதறிப்போய் எழுதிவிட்டேன்.

கல்முனை மச்சாள் (2.30): மறைக்க வேண்டியதும் இல்லை, மாமா. முழுவதையும் சொல்கிறேன், சின்னவளும் வாசிக்கட்டும். அமெரிக்காவில் 457 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள், 1992இல் முதல் முடிவு வந்தது. அவர்களைத் தொடர்ந்து 15 வருடம் பார்த்தார்கள். மொத்தத்தில் பாதிப் பேருக்கு எம்எஸ் வந்தது. ஆனால் முதல் நாள் மூளை எம்ஆர்ஐயில் நோயின் தடமாக ஒரு புள்ளிகூட இல்லாதவர்களில் 25 வீதம் பேருக்குத்தான் வந்தது. ஒரு புள்ளியாவது இருந்தவர்களில் 72 வீதம். அதனால் ஸ்கேன் வரும்வரை எந்த எண்ணும் எங்கட பிள்ளையுடையது இல்லை. இன்னொன்று, எம்எஸ் உலகத்திலேயே கூடுதலாக இருக்கிற நாடுகளில் கனடாவும் ஒன்று. எங்கட பக்கத்தில் அது குறைவு. இங்கே என்எம்ஓ என்ற இன்னொரு நோயையும் தேட வேண்டும், அதில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே பார்வை நரம்பையும் முள்ளந்தண்டு நரம்பையும் தாக்கும். அதற்கான எதிர்ப்பொருளை 2004இல்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குத்தான் இரத்தம் எடுத்து அனுப்பியிருப்பார்கள்.

கொழும்பு அண்ணன் (2.41): எது என்றாலும் அழற்சியைக் குறைக்கிற ஸ்டீரொயிட் மருந்துதானே மச்சாள்? பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

கல்முனை மச்சாள் (2.50): இந்த வாரத்துக்கு ஒரே மருந்துதான், மச்சான். அதற்குப் பிறகு பாதை பிரிகிறது. எம்எஸ்ஸுக்குக் கொடுக்கிற சில மருந்துகள் என்எம்ஓவை மோசமாக்கும். என்எம்ஓ என்றால் திரும்ப வராமல் தடுக்க வேறு மருந்தை நீண்ட காலம் போட வேண்டும், ஏனென்றால் அதில் ஒவ்வொரு தாக்குதலும் கண்ணில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு போய்விடும்.

சனிக்கிழமை

மூத்தவள் (காலை 9.10): நேற்று மார்புப் படம், சுகர், பிரஷர், காசநோய்ச் சோதனை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் ஏற்றத் தொடங்கினார்கள். மெதைல்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட், ஒரு நாளைக்கு 1 கிராம், மூன்று நாளைக்கு. சேலைன் போலத்தான் மெதுவாக ஏறியது.

சின்னவள் (9.14): வாயெல்லாம் இரும்பை நக்கின மாதிரி ஒரு ருசி. இரவு முழுக்கக் கண் மூடவில்லை. பக்கத்துக் கட்டில் அம்மா தன் பேத்தியின் கதை எல்லாம் சொல்லி முடித்துவிட்டார்.

கல்முனை மச்சாள் (9.20): இரண்டும் மருந்தால்தான். வார்டில் நேர்ஸ் மிஸ்ஸிடம் சொல், முடிந்தால் காலையிலேயே ஏற்றுவார்கள். வயிற்றுக்கு ஒரு குளிசையும் தந்திருப்பார்கள், அதை விடாதே.

கழுவாஞ்சிக்குடி மாமா (9.33): மகள், என் குளிசை ஏன் வேண்டாம் என்று இன்னும் சொல்லவில்லை. இதுவும் அதுவும் ஒரே குடும்ப மருந்துதானே?

கல்முனை மச்சாள் (9.52): அப்பா, ஒரே குடும்பம்தான், அளவுதான் வேறு. நான் சொன்ன அதே ஆய்வில் ஒரு பகுதியினருக்கு நாளத்தில் ஏற்றினார்கள், ஒரு பகுதியினருக்குச் சாதாரண அளவில் குளிசை மட்டும் கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் குளிசை. ஏற்றியவர்களுக்குப் பார்வை கெதியாகத் திரும்பியது. குளிசை மட்டும் எடுத்தவர்களுக்கு, மருந்தே எடுக்காதவர்களை விட நோய் திரும்பத் திரும்ப வந்தது. அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்க அந்த அளவில் குளிசையால் தொடங்குவதை நிறுத்தினார்கள். நீங்கள் அன்பில்தான் சொன்னீர்கள். ஆனால் வியாழக்கிழமை அதைக் கொடுத்திருந்தால் கண் டொக்டரிடம் போக இன்னும் நாலு நாள் பிந்தியிருப்போம்.

கழுவாஞ்சிக்குடி மாமா (9.55): சரி மகள். கார்டை எறிந்துவிட்டேன்.

கொழும்பு அண்ணன் (10.05): வார்டில் டொக்டர் சொன்னார், ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் ஒரு வருடத்தில் பார்வை ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் வருமாம். அப்படியென்றால் இவ்வளவு கஷ்டம் எதற்கு?

கல்முனை மச்சாள் (10.18): நேர்மையான டொக்டர். வழமையான ஒப்டிக் நியூரைட்டிஸில் அது உண்மை, மச்சான். ஏற்றினால் குணம் விரைவாகும், அவ்வளவுதான். ஆனால் இது வழமையானதா, என்எம்ஓவா என்று இரத்தப் பரிசோதனை வரும்வரை யாருக்கும் தெரியாது. என்எம்ஓ என்றால் பிந்துகிற ஒவ்வொரு நாளும் நரம்புக்கு நட்டம். அதில் ஸ்டீரொயிட் போதாவிட்டால் இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை மாற்றக்கூட வேண்டி வரும். தெரியாத நேரத்தில் நான் ஏற்றத்தான் சொல்வேன். என் சொந்தத் தங்கச்சி என்றாலும் இதைத்தான் சொல்வேன்.

பெரியம்மா (11.02): நான் அம்மனுக்குக் கண்மலர் நேர்ந்திருக்கிறேன். கோயில் குளிர்த்திச் சடங்கு அன்றைக்கு அவளையே கொண்டுபோய் வைக்கச் சொல்லுங்கள். நந்தியாவட்டை விடவில்லை, சாமிக்குத்தான் வைத்தேன்.

கல்முனை மச்சாள் (11.04): வையுங்கள் மாமி. நானும் வருகிறேன்.

இரண்டு வாரத்துக்குப் பிறகு, செவ்வாய்க்கிழமை

மூத்தவள் (மாலை 4.40): எம்ஆர்ஐ அறிக்கை வந்துவிட்டது. இடது பார்வை நரம்பு மட்டும் ஸ்கேனுக்குப் போட்ட மருந்து ஏறி வெள்ளையாகத் தெரிகிறது. மூளையில் ஒரு புள்ளியும் இல்லை. என்எம்ஓவுக்கான அக்வபோரின் எதிர்ப்பொருளும் இல்லையாம். மொக் என்ற இன்னொரு எதிர்ப்பொருளுக்கான சோதனை முடிவு வர இருக்கிறது. ஏற்றி முடித்த பிறகு தந்த 11 நாள் குளிசையும் முடிந்துவிட்டது.

கனடா சித்தப்பா (4.52): இந்தச் செய்தியை நாலு தரம் வாசித்துவிட்டேன்.

சின்னவள் (5.10): எழுத்துப் பலகையில் கடைசிக்கு மேலே இருக்கிற வரிவரைக்கும் வந்துவிட்டேன். குங்குமம்தான் இன்னும் முழுதாக வரவில்லை, கொஞ்சம் வெளிறல். ஆனால் ஒன்று. இன்றைக்கு மத்தியானம் சுடுகிற கச்சான் காற்றோடு கல்லடிப் பாலத்தில் நடந்து வந்தபோது திரும்பவும் இடது கண் மங்கிவிட்டது. பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு மின்விசிறிக்குக் கீழே இருந்தேன். அரை மணித்தியாலத்தில் பழையபடி வந்துவிட்டது. நோய் திரும்ப வருகிறதா மச்சாள்?

கல்முனை மச்சாள் (5.21): இல்லை அம்மா. சூடு பட்டால் அந்த நரம்பு கொஞ்ச நேரம் தளர்ந்துவிடும். 1890இல் உட்ஹோஃப் என்ற ஜெர்மன் டொக்டர் எழுதி வைத்த விஷயம் இது. உடம்பு குளிர்ந்ததும் பார்வை வந்துவிட்டால் அது சூடுதான், நரம்புக்குப் புதிதாக ஒரு பழுதும் இல்லை. குளிர்ந்தும் வராமல் ஒரு நாள் நின்றாலோ, கண்ணை அசைக்க வலித்தாலோ உடனே வார்டுக்குப் போ. ஸ்கூட்டி ஓட்டம் கண் டொக்டரிடம் கேட்டுவிட்டுத்தான். வெயிலில் குடை, போத்தலில் தண்ணீர். கிளினிக் கொப்பியில் இதையும் எழுதி வை, அடுத்த முறை டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

சின்னவள் (5.23): எழுதிவிட்டேன்.

பெரியம்மா (5.30): வெள்ளியில் கண்மலர் செய்யச் சொல்லிவிட்டேன். குளிர்த்திக்கு வான் பின்னேரம் பிடிப்போமா, பொழுது பட்ட பிறகா? பிள்ளைக்கு வெயில் படக்கூடாது.

கழுவாஞ்சிக்குடி மாமா (5.32): பொழுது பட்ட பிறகு. நான் வான்காரனிடம் பேசுகிறேன்.