கொழும்பில் ஆண்களைச் சந்திப்பது குறித்து ஆலோசனை தேவை

உறவுகளுக்கு வணக்கம். நான் திருகோணமலையைச் சேர்ந்த தன்பாலீர்ப்புள்ள ஆண். இங்கு டச்சு விரிகுடாக் கரையில் ஒருவரோடு அரைமணி நேரம் தனித்து அமர்ந்தாலே, நான் வீடு சேருமுன் செய்தி சேர்ந்துவிடும். விரைவில் வேலைக்காகக் கொழும்பு செல்கிறேன். அங்கு கடற்கரையிலும் பூங்காக்களிலும் பார்வையாலேயே அறிமுகமாவோரும், கிரைண்டர் செயலி வழியாக அறைகளில் சந்திப்போரும் உண்டு என அறிவேன். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் தன்பாலுறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் இன்னும் நீக்கப்படாததால், வெளியே பொலிஸாருக்கும், உள்ளே இரகசியமாகப் படமெடுத்துப் பணம் பறிப்போருக்கும் அஞ்ச வேண்டியிருக்கிறது. நாம் முறைப்பாடு செய்யமாட்டோம் என்பதுதானே பின்னையவர்களின் முதலீடு! முன்பின் அறியாதவரைச் சந்திக்குமுன் நீங்கள் எவற்றைச் சரிபார்ப்பீர்கள்? மிரட்டல் வந்தால், பெயர் வெளியாகாமல் உதவக்கூடிய, தமிழ் பேசும் சட்டத்தரணி எவரேனும் உள்ளாரா? எச்ஐவி பரிசோதனை அரச சிகிச்சை நிலையங்களில் இலவசம் என்பது தெரியும். கூச்சமின்றித் தமிழில் பேசக்கூடிய நிலையம் எதுவெனத் தனிச்செய்தியில் அறியத் தாருங்கள்.